மெய்ப்பு

அறிக்கை வியாழக்கிழமை தபாலில் வந்தது.
அச்சகத்தில் வைத்தே பிரித்தேன்,
மசி காயாத கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவே.
சிக்பேட்டையில் இருபத்தாறு வருடமாக
இதுதான் என் வேலை:
பெங்களூர்த் தமிழர் வீட்டுப் பெயர்களுக்குக்
கொம்பும் காலும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது.

ஒருமுறை மாசிலாமணிக்கு ஒரு கால் விட்டுப்போனது.
மசிலாமணி.
அறுநூறு பத்திரிகை திரும்ப அடித்தார்கள்.
என் சம்பளத்தில் இரண்டு மாதம் பிடித்தார் முதலாளி.

பழக்கதோஷம்,
சிவப்புப் பேனா தானாகக் கைக்கு வந்தது.

வலது கால் என்றிருந்தது.
இடது. இரண்டு வயதில் காய்ச்சல் கொண்டுபோனது.
வயது நாற்பத்திரண்டு என்றிருந்தது.
ஐம்பத்திரண்டு.
(இதை வேண்டுமானால் விட்டுவிடலாம்.)
தந்தை பெயர் என்ற இடத்தில்
ஞானசௌந்தரி என்று என் பெயரே.
நானே என்னைப் பெற்றிருக்கிறேன்.

'துணையின்றி நடக்கிறார்.'
கதவருகே காவலாளி ஊன்றுகோலை வாங்கிச்
சுவரில் சாத்தினான், உள்ளே இடமில்லையாம்.
கதவிலிருந்து நாற்காலிக்கு நான்கு எட்டு:
மேசை விளிம்பு, பீரோ கைப்பிடி,
முன்னே போனவர் தோள்,
நான்காவதுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, விழுந்து உட்கார்ந்தேன்.
டாக்டர் அப்போது போனில் இருந்தார்.

'மாடிப்படி ஏறுகிறார்.'
இங்கே பேனா நின்றது.
ஏறினேன்தான்.
லிஃப்ட் கதவில் 'கெட்டிருக்கிறது' என்று கன்னடத்தில் அட்டை.
முகாம் இரண்டாம் மாடி.
நாற்பத்துநாலு படி.
படிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து
கையூன்றிக் கையூன்றி
ஒவ்வொன்றாக என்னை எடுத்து மேலே வைத்தேன்,
முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு.
போய்ச் சேர்ந்தபோது என் டோக்கன் தாண்டியிருந்தது.
கெஞ்சினேன்.
ஏற முடியாமல் போனவர்களுக்கு
'வரவில்லை' என்று போட்டிருப்பார்கள்.

மொத்தம் முப்பத்தெட்டு சதவீதம்.
பென்ஷனுக்கு நாற்பது வேண்டும்.
பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும்
குறை அதிகம் என்று எழுந்துபோனார்கள்.
சர்க்கார் பார்த்ததில்
குறை போதவில்லை.

'விடுக்கா, அவங்க எழுதினா எழுதினதுதான்'
என்றார் மெஷினில் நின்ற ஏகாம்பரம்.
இதற்கு மெய்ப்பு பார்த்தது யார்
என்று கேட்டேன்.
யார் சம்பளத்தில் பிடிப்பார்கள்?
மெஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

திருத்த மனு எழுதினேன்.
எக்ஸ்ரே, ஆதார், ஜெராக்ஸ் மூன்று செட்.
எங்கே கொடுக்க?
இரண்டாம் மாடி.
லிஃப்டில் அதே அட்டை,
ஓரம் மட்டும் சுருண்டிருந்தது.

முதல் படியில் உட்கார்ந்தேன்.
போன் செய்தால் மேலே வாங்க என்றது ஒரு குரல்.
நீங்கள் வாங்க என்றேன்.
வைத்துவிட்டார்கள்.

பத்து மணி. பதினொன்று.
செருப்புகள் என்னைத் தாண்டி ஏறின, இறங்கின.
பிச்சைக்காரி என்று நினைத்து
ஒரு பையன் ஐந்து ரூபாய் நீட்டினான்.
வாங்கவில்லை. அப்புறம்
வாங்கி டீ குடித்திருக்கலாம் என்று தோன்றியது.

ஒன்றரைக்கு சிவலிங்கையா இறங்கினார்,
எனக்காக அல்ல, சாப்பாட்டுக்கு.
டிபன் பாக்ஸைப் படியில் வைத்துவிட்டு
சிவப்புக் கோடுகளைப் பார்த்தார்.
'இத்தனை தப்பா?
படிவத்தில் ஒரு வரிக்குத்தான் இடம் அம்மா.
ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.'

காலைச் சொல்லவா, அப்பாவைச் சொல்லவா,
சுவரில் சாய்ந்து நின்ற கோலையா.
தலைக்கு மேலே
நாற்பத்துமூன்று படி இருந்தது.

'இன்று ஏறவில்லை என்று எழுதுங்கள்.'

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.
பிறகு முழங்காலில் படிவத்தை வைத்து
அப்படியே எழுதினார்.

வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தேன்.
தேதி தப்பு.
பேனாவை நீட்டினேன்.